இரண்டாவது கன்ட்ரோலர்

1992 கோடை விடுமுறையில் துபாயிலிருந்து வந்த மாமா எங்கள் வீட்டுக்கு ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு கன்ட்ரோலர்கள் வயரோடு வெளியே வந்தன. ஒன்றை அண்ணன் எடுத்துக்கொண்டான். இன்னொன்று எனக்கு. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்பதையும் முதல் தோசை யாருக்கு என்பதையும்கூட யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை.

இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. இடப்பக்கம் கூட்டல் குறி போன்ற பட்டன், வலப்பக்கம் ஏ, பி. ஆனால் அண்ணன் கையில் இருந்ததன் நடுவில் செலக்ட், ஸ்டார்ட் என்று இரண்டு சின்ன பட்டன்கள் இருந்தன. என்னுடையதில் அந்த இடம் வழவழவென்று வெறும் பிளாஸ்டிக். ஸ்டார்ட்டை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும், நடுவில் அழுத்தினால் நிற்கும். தொடங்கவும் நிறுத்தவும் என் கையில் எதுவும் இல்லை.

நாங்கள் அதிகம் ஆடியது டாங்க் கேம். ‘பேட்டில் சிட்டி’ என்ற அதன் பெயர் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் ஆட்டக்காரருக்கு மஞ்சள் டாங்க், இரண்டாமவருக்குப் பச்சை. பாதி ஆட்டத்தில் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: “ஏட்டி, தண்ணி வருது, கொடத்த எடு.” “ஒரு நிமிசம் நிறுத்துண்ணே” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். அவன் நிறுத்த மாட்டான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஆட்டத்தின் சூடு அப்படி. இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தால் பச்சை டாங்க் இருந்த இடத்தில் எதுவும் இருக்காது.

உள்ளூரில் கிடைத்த மலிவான நகல்களில் காசை மிச்சம் பிடிக்க அந்த இரண்டு பட்டனை விட்டுவிட்டார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கன்சோலைத்தான் நம் ஊர் டிவி கேம்கள் பெரும்பாலும் நகலெடுத்தன. அந்த மூலப்பொருளிலேயே இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மைக்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தியும் வைத்திருந்தார்கள். ஆட்டம் முதலாமவர் கையில், இரண்டாமவருக்குக் குரல் மட்டும். நகலெடுத்தவர்கள் எங்களுக்கு அந்த மைக்கையும் தரவில்லை.

இந்தத் தொகுப்புக்குக் ‘கை’ பற்றி எழுதுகிறேன் என்று சொன்னபோது, கவிதை எழுதுகிறவளாயிற்றே, காந்தள் விரலில் தொடங்குவேன் என்று பதிப்பாசிரியர் எதிர்பார்த்திருப்பார். காந்தளை வகுப்பில் வருடாவருடம் நடத்துகிறேன். கணவனுக்குச் சமைக்கும் புதுமணப்பெண்ணின் தயிர் படிந்த விரலைக் குறுந்தொகை அன்போடு பார்த்திருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு வேறொரு விரல் வேண்டும். வேலை செய்யாத விரல், யாரையும் அலங்கரிக்காத விரல், சும்மா விளையாடுகிற விரல். அது எந்தக் கருவியைப் பிடித்தது, அந்தக் கருவி அதை எப்படிப் பிடித்தது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

சென்ற ஆண்டு பெங்களூரில் ஒரு தோழியின் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அவளுடைய இணையர் பழைய கன்சோல்களைச் சேகரிக்கிறவர். ஒரு மதியம் அவற்றின் கன்ட்ரோலர்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதற்கு முன் தோழியின் தையல் டேப்பில் என் கையை அளந்துகொண்டேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை 16 சென்டிமீட்டர். வளையல் கடையில் எப்போதும் சின்ன அளவு கேட்கிற கை. இருபது வருடம் விடைத்தாள் திருத்தியதில் வலது கட்டைவிரலின் அடியில் நிரந்தரமாக ஒரு வலியும் உண்டு.

முதலில் என் பழைய சிநேகிதன், செவ்வகம். இப்போதைய வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்தால் செங்கல் என்பார்கள். கைப்பிடி இல்லை, வளைவு இல்லை. இரண்டு முனையும் உள்ளங்கையில் குத்தும். ஒரு மணி நேரம் ஆடினால் அந்தக் கூட்டல் குறியின் விளிம்பு பட்டு இடது கட்டைவிரல் தோல் கன்றிப்போகும். அந்தக் கூட்டல் குறியை உருவாக்கியவர் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய். 1982இல் வந்த கையடக்க ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காகச் செய்தது. ஒரு கட்டைவிரல் நகராமலே நான்கு திசைக்கும் சாய்ந்துகொள்ளலாம் என்பது எளிய யோசனை. நாற்பது வருடம் கழித்தும் பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அது இருக்கிறது.

இத்தனை குறை இருந்தும் அந்தச் செவ்வகம் என் கைக்கு அடங்கியது. அது எந்தக் கையையும் மனதில் வைத்துச் செய்யப்படவில்லை என்பதுதான் காரணம். அதற்கு முதுகு தட்டை. எந்தக் கை பிடித்தாலும் அதே அளவு சௌகரியம், அதே அளவு அசௌகரியம். கை எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. நான் அதை மடியில் வைத்து, ஏ, பி இரண்டையும் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் ஆர்மோனியம் போலத் தட்டுவேன். அண்ணன் சிரிப்பான். ஆனால் மடியில் வைத்து ஆடியதால் எனக்கு உள்ளங்கை குத்தியதே இல்லை.

இதைவிட நல்ல பொருத்தம் எனக்குத் தெரிந்து சொட்டாங்கல்லில்தான். தெருமுனை ஜல்லிக் குவியலில் அரைமணி நேரம் தேடி, நம் கைக்குத் தோதான ஐந்து கல்லை நாமே பொறுக்குவோம். அடுத்தவள் கல்லில் ஆடினால் கை ஓடாது. விளையாட்டுக் கருவி என்றால் ஆடுகிறவளின் கைதான் அளவு என்பதை அந்தக் கற்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தன. கடையில் வாங்கிய எதுவும் பிறகு அதைச் சொல்லவில்லை.

செவ்வகத்துக்கு அடுத்து 1994இன் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர். கீழே இரண்டு கைப்பிடி முளைத்துவிட்டது. இங்கேதான் கருவிக்கு ஒரு கற்பனைக் கை கிடைக்கிறது. கைப்பிடி என்று ஒன்று வந்துவிட்டால் அதன் நீளம், சுற்றளவு, அங்கிருந்து பட்டனுக்கு உள்ள தூரம் எல்லாம் யாரோ ஒருவருடைய கையிலிருந்து வந்தாக வேண்டும். சோனி முதலில் ஜப்பானில் விற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் அமெரிக்காவுக்கு அனுப்பியது. நாட்டுக்கு ஒரு கை உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான கை இருக்கும் என்பது தோன்றவில்லை போலும்.

1996இன் நின்டெண்டோ 64 கன்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடிகள். திரிசூலத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. எந்த இரண்டைப் பிடிப்பது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அதன் நடுவில் இருக்கும் குச்சியைச் சுழற்றும் போட்டிகள் ‘மரியோ பார்ட்டி’ என்ற ஆட்டத்தில் வந்தன. கட்டைவிரலால் சுற்றினால் வேகம் போதாது, உள்ளங்கையை வைத்துச் சுற்றினார்கள். தோல் உரிந்தது, கொப்புளம் வந்தது. நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் தலையிட்ட பிறகு 2000ஆம் ஆண்டு நின்டெண்டோ ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. என்ன உடன்பாடு? கன்ட்ரோலரை மாற்றுவதல்ல. வாங்கியவர்களுக்குக் கையுறை கொடுப்பது. கருவிக்கும் உடம்புக்கும் பொருந்தவில்லை என்றால் உடம்புதான் ஏதாவது மாட்டிக்கொள்ள வேண்டும். ஹை ஹீல்ஸுக்குள் பஞ்சு வைத்த தலைமுறைக்கு இது புதிதல்ல.

அதற்குப் பிறகு வந்தது ‘ட்யூக்’. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸோடு தந்த கன்ட்ரோலரின் பட்டப்பெயர் அது. தோழியின் மேசையிலிருந்து அதை எடுக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. கைப்பிடியைச் சுற்றி என் விரல்கள் வளைந்து முடிக்கவில்லை. வலது கட்டைவிரலை பட்டன்களுக்கு நீட்டினால் உள்ளங்கை கைப்பிடியிலிருந்து கழன்றுவிடுகிறது. உள்ளங்கையை ஊன்றினால் விரல் எட்டுவதில்லை. இரண்டில் ஒன்றுதான்.

அதை வடிவமைத்தவர் டெனிஸ் சௌத்ரி என்ற பெண். இதைக் கேள்விப்பட்டபோது கொஞ்சம் அதிர்ந்துதான் போனேன். பெண் செய்தால் பெண் கைக்குப் பொருந்தும் என்ற எளிய நம்பிக்கை எனக்குள்ளும் எங்கோ இருந்திருக்கிறது. நடந்தது வேறு. உள்ளே இருக்க வேண்டிய சர்க்யூட் போர்டு ஏற்கெனவே முடிவாகி, மிகப் பெரிதாக அவர் முன் வந்தது. அதைச் சுற்றி ஓர் உடலைத் தைப்பதுதான் அவருக்கு விடப்பட்ட வேலை. பல்கலைக்கழகக் குழுக்களில் உட்கார்ந்த பெண்கள் இந்த போர்டை அடையாளம் கண்டுகொள்வார்கள். அளவெல்லாம் முடிவான பிறகு, “மேடம், நீங்க பார்த்துச் செய்யுங்க” என்று நம்மிடம் வரும் அதே போர்டுதான்.

ட்யூக்கை மாற்றவைத்தது ஜப்பான் சந்தை. அங்கே இது விற்காது என்று 2002 பிப்ரவரி வெளியீட்டுக்குச் சின்னதாக ஒன்று செய்தார்கள். அதற்கு நிறுவனத்துக்குள் வைத்த பெயர் ‘அகெபோனோ’, பேருருவம் கொண்ட ஒரு சுமோ வீரரின் பெயர். கிண்டல்தான், வேறென்ன? அந்தச் சின்னக் கன்ட்ரோலர் அமெரிக்கர்களுக்கும் பிடித்துப்போய், அதே ஆண்டில் எல்லா ஊருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. தோழி ட்யூக்கை வைத்துவிட்டு அதை என் கையில் கொடுத்தாள். பிடித்தவுடன் என் தோள் கீழே இறங்கியது. அதுவரை தோளைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அந்த நிம்மதி எனக்கு என் பெயரில் வரவில்லை. ‘ஜப்பானியர் கை’ என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்னக் கையோடு ஆடிக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் சந்தை அல்ல. ஓர் அயல்நாட்டின் ஆண்களுக்காகக் கருவி சுருங்கியபோது அந்தப் பெண்கள் அதன் பின்னால் நுழைந்துகொண்டார்கள்.

இப்படித்தான் ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது. 2006இல் நின்டெண்டோ வீ என்ற கன்சோலோடு வந்த கன்ட்ரோலர் டிவி ரிமோட் மாதிரி இருந்தது. ஒரே கையில் பிடிக்கலாம். அடுத்த ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசிய ஷிகெரு மியாமோட்டோ, தன் மனைவிக்கு வீடியோ கேம் மீது எவ்வளவு ஆர்வம் என்று காட்டும் ஒரு கற்பனை மானியைப் பற்றி நகைச்சுவையாகச் சொன்னார். எந்த ஆட்டத்துக்கு முள் எவ்வளவு ஏறியது என்று வரிசையாக விவரித்தார். அரங்கம் சிரித்தது. இங்கே பெண் கை ‘மனைவி’ என்ற பெயரில் உள்ளே வருகிறது. அதுவும் விருப்பமில்லாதவளாக, வசப்படுத்த வேண்டியவளாக.

2020இல் மைக்ரோசாஃப்ட் தன் கன்ட்ரோலரை இன்னும் கொஞ்சம் இழைத்துச் சின்னதாக்கியது. 8 வயதுக் குழந்தையின் கைக்கும் எட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்ததாக வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள். உண்மையாகவே நல்ல கன்ட்ரோலர். மேசையில் இருந்ததில் என் கைக்கு மிகப் பொருந்தியது அதுதான். ஜப்பானியர், மனைவி, 8 வயதுக் குழந்தை. நாற்பத்தைந்து வயதில் இரண்டு கவிதைத் தொகுதியும் ஒரு முனைவர் பட்டமும் ஒரு வீட்டுக்கடனும் உள்ள என் கை, கடைசியில் ஒரு குழந்தையின் கையாகக் கணக்கில் சேர்ந்தது.

எல்லாப் பெண்ணுக்கும் சின்னக் கையா, சின்னக் கை உள்ள ஆண்கள் இல்லையா என்று தோழியின் இணையர் கேட்டார். நியாயமான கேள்வி. ட்யூக் கையில் நிற்காத ஆண்களும் உண்டு, அதில் சுகமாக ஆடும் பெண்களும் உண்டு. என் பேச்சு சென்டிமீட்டர் பற்றியது மட்டுமல்ல. யாருடைய கை அளவுகோல், யாருடையது விதிவிலக்கு என்பது பற்றியது. 2018இல் ட்யூக்கை வேறொரு நிறுவனம் மறுபடி செய்து விற்றது. பழைய நினைவுக்காக வாங்கினார்கள். எனக்கு எட்டாத பட்டன் யாருக்கோ ஏக்கமாகிவிட்டது.

இவ்வளவு சொல்லும்போது அந்த மேசையில் இன்னொரு பெண் கையும் இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ‘மேட் இன் சைனா’. இப்படிப்பட்ட மின்னணுப் பொருள்களைக் கோக்கும் ஆலைகள் எங்கே போனாலும் இளம்பெண்களைத் தேடித்தான் போயிருக்கின்றன. சின்ன விரல், வேகமான விரல் என்பது அங்கே தகுதி. இந்த வேகம் பிறவிக் குணமல்ல, வீட்டில் தையலும் சமையலுமாகச் சின்ன வயதிலிருந்து பழக்கியது, வீட்டில் கற்றது என்பதாலேயே அதைத் திறமையாகக் கருதாமல் கூலியைக் குறைக்கிறார்கள் என்று 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதினார்கள். திருகாணி முடுக்கும்போது கச்சிதமாகப் பொருந்திய அந்த விரல், அதே பொருளை எடுத்து விளையாட உட்கார்ந்தால் எட்டாத விரல்.

இனி புதியது. அண்ணன் இப்போது சென்னையில் இருக்கிறான், வீட்டில் பிளேஸ்டேஷன் 5. அதன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் சுமார் 280 கிராம். என் கட்டைவிரல் அரைமணி நேரத்தில் அந்த எடையை உணர்ந்துவிடும். ஆனால் தொடுவதற்கு இதுபோல ஒன்றை நான் பிடித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்பக்கச் சொரசொரப்பை உற்றுப் பார்த்தால் அத்தனையும் மிக நுண்ணிய முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம். அதோடு வரும் ‘ஆஸ்ட்ரோ’ ஆட்டத்தில் மணலில் நடந்தால் உள்ளங்கையில் மணல் நறநறக்கிறது. மழை பெய்தால் துளித்துளியாக இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியே விழுகிறது. ஆள்காட்டி விரலுக்கு அடியிலுள்ள ட்ரிகர் இடத்துக்கு ஏற்ப இறுகுகிறது, தளர்கிறது.

பழைய செவ்வகம் கையிடமிருந்து எடுத்துக்கொள்ளும், எதையும் திருப்பித் தராது. புதியது கையோடு பேசுகிறது. எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது. பழசு பொன் என்று சொல்கிறவர்களுக்கு உள்ளங்கை குத்தியது மறந்துபோயிருக்கும். ஆனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் எதைப் பற்றியது? ட்ரிகரின் இறுக்கத்தைப் பெருமையாக விளக்கும்போதெல்லாம் வில்லின் நாண், துப்பாக்கி, பிரேக். தொடுதலுக்காக இத்தனை பொறியியலைச் செலவழித்துவிட்டு முதலில் ஞாபகம் வருவது துப்பாக்கிதானா? அந்த மழைக்காக நான் அந்த ஆட்டத்தை மூன்று முறை திரும்பத் திறந்திருக்கிறேன். மூன்று முறையும் எதிரிகள் வரும்வரைதான் நின்றேன்.

ஃபேமிகாமில் இருந்த மைக் இதில் திரும்ப வந்திருக்கிறது, இப்போது எல்லாக் கன்ட்ரோலரிலும். ஆஸ்ட்ரோவில் வாயால் ஊதினால் காற்றாடி சுற்றும். பக்கத்திலேயே அதை அணைக்க ஒரு பட்டன், அணைத்தால் ஆரஞ்சு விளக்கு எரியும். இரவில் இணையத்தில் ஆடும் என் முதுகலை மாணவி ஒருத்தி, அந்த ஆரஞ்சு விளக்கு எரியாமல் தான் ஆடியதே இல்லை என்றாள். குரல் கேட்டால் பெண் என்று தெரிந்துவிடும், தெரிந்த பிறகு ஆட்டம் ஆட்டமாக இருக்காது. அவள் நன்றாக ஆடுகிறவள். தோற்றவர்கள் அவளை ‘ப்ரோ’ என்று கூப்பிட்டு வாழ்த்துவார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, “இல்ல மேம், பழகிடுச்சு” என்றாள்.

பொங்கல் விடுமுறையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் மகள், பதின்மூன்று வயது, என்னை ‘இட் டேக்ஸ் டூ’ ஆடக் கூப்பிட்டாள். மணமுறிவுக்குத் தயாராகும் ஒரு கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடும் கதை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். ஒரு கட்டத்தில் கணவன் கையில் ஆணிகள், மனைவி கையில் சுத்தியல். அவள் யோசிக்காமல் மனைவியைத் தேர்ந்தெடுத்தாள். சுத்தியல் வேண்டுமாம். பெரிய கன்ட்ரோலரை மடியில் சாய்த்து வைத்துத்தான் அவளும் ஆடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இரண்டாவது கன்ட்ரோலர் என் கையில். இதில் ஸ்டார்ட் என்ற பெயர் இல்லை, மூன்று கோடு போட்ட ஆப்ஷன்ஸ் பட்டன்தான். பாதி ஆட்டத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டாள் என்று தெளிவாகக் கேட்கவில்லை. நான் கட்டைவிரலை நீட்டி அழுத்தினேன். திரை நின்றது.

“அத்தை, ஏன் நிறுத்துனீங்க?”

“அம்மா கூப்பிடுதா, கேக்கலையா?”

“அப்பாவத்தான் கூப்பிடுறாங்க” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “விடுங்க, ஆணிய அடிங்க.”